மறுநாள் கடை திறந்தவர்கள்

வரலாறு பேசும் அந்த இணையக் குழுவில் அவளைக் ‘கண்ணாடிக்காரம்மா’ என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. ஞாயிறுதோறும் குழுவின் வாரத் தொகுப்பை அவள்தான் வெளியிடுவாள். மேலே அந்த வாரத்தின் நல்ல பதில்கள். கீழே யாரும் கண்டுகொள்ளாத கேள்விகள். கீழ்ப்பகுதி அவளாகச் சேர்த்தது.

“கேட்டவங்க காத்துக்கிட்டிருப்பாங்கல்ல” என்பாள்.

“ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் தேடுற. நான் சீப்பு எங்கேன்னு கேட்டா மட்டும் உன் காதுல விழாது” என்று கணவர் சிரிப்பார்.

ஒரு வியாழக்கிழமை அவர் பேருந்துக்காக நின்ற இடத்திலேயே சரிந்து இறந்துபோனார். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டுப் போய்க் கடையின் ஷட்டரைத் தூக்கினாள்.

மத்தியானம் நாத்தனார் கடைக்கே வந்துவிட்டார். “என் தம்பியப் புதைச்ச மண்ணு கூட காயல. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“ஒருத்தர் கண்ணாடி வாங்க வர்றதா சொல்லியிருந்தார், அக்கா.”

“அதுக்கு?”

அவள் லென்ஸின் விளிம்பை விரலால் தடவினாள். கூர் போகவில்லை. திரும்பவும் இயந்திரத்தில் வைத்தாள். நாத்தனார் கிளம்பிப் போனார்.

ஞாயிறன்று தொகுப்புக்காகக் கேள்விகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. ‘குண்டுவீச்சில் ஊர் பாதி அழிந்த மறுநாளே கடை திறந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எப்படி மனசு வந்தது?’ யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பதில் எழுதிப் போட்டாள்: ‘மனசு வரவில்லை. கால் பழகிய வழியில் போயிருக்கும். வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.’

ஆதாரம் இல்லாத பதிலை நீக்கிவிட வேண்டும் என்பது குழுவின் விதி. எத்தனையோ பேரின் சொந்தக் கதைகளை அவளே எடுத்திருக்கிறாள். இதையும் எடுத்தாள். கேள்வியைக் கீழ்ப்பகுதியில் சேர்த்துவிட்டுக் குக்கரை அடுப்பில் வைத்தாள்.

மாலையில் அந்தக் கேள்வியைக் கேட்டவரிடமிருந்து தனிச்செய்தி வந்தது. ‘நீங்க எடுக்கறதுக்குள்ள படிச்சிட்டேன். எங்கப்பா போன மறுநாளே எங்கம்மா தையல் கடையத் திறந்தாங்க. அந்தக் கோபத்துல நான் அவங்ககூட பேசறதையே விட்டுட்டேன். இன்னிக்கு ஃபோன் பண்ணினேன்.’

‘என்ன சொன்னாங்க?’

‘சாப்பிட்டியான்னு கேட்டாங்க.’

அடுத்த வாரம் தம்பியின் சட்டைகளை எடுத்துப்போக நாத்தனார் வந்தார். மடித்துக்கொண்டே அவள் அந்தத் தையல்காரம்மாவைப் பற்றிச் சொன்னாள். நாத்தனார் ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“உனக்கு அழுகை வரலையா?”

“வரல அக்கா.”

“சரி, வரும்போது என்னைக் கூப்பிடு. தனியா உட்கார்ந்து அழாதே.”

அவள் தலையாட்டினாள். மிச்சமிருந்த சட்டைகளை இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.