வியாழக்கிழமைச் சங்கு

அந்தத் தெருவில் அவளுக்கு 'அபாயம்' என்று பெயர் விழுந்து ஒன்றரை வருடமாகிறது. பேரிடர் மேலாண்மைப் பட்டயப் படிப்பில் அவள் சேர்ந்த வாரமே எதிர்வீட்டு முடிதிருத்துபவர் வைத்த பெயர். யாராவது கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டிருந்தால், "அபாயம் வருது, நிமித்தி வை" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பகலில் ஐஸ் ஆலையின் வாசலில் வண்டிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. மாலையில் வகுப்பு. பட்டயம் வாங்கிவிட்டால் அவசரக் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்கு மனுப் போடலாம்.

கடைசிப் பருவத்துக்கு ஓர் ஆய்வு கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கை ஒலித்தால் உன் பகுதி மக்கள் வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து எழுத வேண்டும். அவள் தெருவுக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே ஐஸ் உறைய வைக்கும் அமோனியா நச்சுவாயு, கசிந்தால் ஊத ஒரு சங்கு. சங்கு வேலை செய்கிறதா என்று வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு ஒரு நிமிடம் ஊதிப் பார்ப்பார்கள்.

வியாழன் அவளுக்கு வார விடுமுறை. நோட்டோடு தெருமுனையில் நின்றாள். சங்கு ஊதியது. முடிதிருத்துபவர் சுவர்க் கடிகாரத்தை இரண்டு நிமிடம் முன்னே தள்ளினார். அவள் மாமியார் அடுப்பைப் பற்றவைத்தார். தையல்காரர் டீ குடிக்கக் கிளம்பினார். இருபத்தாறு வருடமாக அந்தச் சங்கு தெருவுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: நான் ஊதினால் ஒன்றுமில்லை.

அவள் எழுதினாள்: 'கண்ணில் பட்டவர்கள் நாற்பத்தொன்று. திடுக்கிட்டவர் ஒருவர். வயது எட்டு மாதம்.'

ஆய்வில் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, கிண்டலா?"

"எண்ணினதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"'மக்கள் விழிப்புடன் உள்ளனர்'னு மாத்திட்டு வா. இப்பவே போட்டுத் தரேன்."

"சோதனைக்கு வேற சத்தம் வைக்கலாம் சார். தெருவுல ஒரு ஒத்திகை நடத்தலாம்."

"ஒத்திகைன்னா உள்ள என்ன இருக்குன்னு கேப்பாங்க. தெரிஞ்சா பதறுவாங்க. சும்மா இருக்கறவங்களை எதுக்குக் கிளப்பி விடணும்?"

அதிகாரிகளின் குடியிருப்பு நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே வருடத்துக்கு இரண்டு ஒத்திகை நடக்கும். அங்கே யாரும் பதறியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. தெரிந்துகொள்ளும் உரிமைகூட வாடகையைப் பொறுத்துத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

கையெழுத்தில்லாத தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு வரிதானே, மாத்தினா குடியா முழுகிடும்?" என்றார் மாமியார்.

"அந்த ஒரு வரியிலதான் அத்தே முழுகும்."

அந்த வாரம் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு நிமிடத்தைத் தாண்டிச் சங்கு ஊதினால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்றடிக்கிற திசையில் ஓடக் கூடாது, குறுக்கே ஓட வேண்டும். இதை மட்டும்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், அவள் படி இறங்கியதும் சிரித்தார்கள்.

"விதி வந்தா உன் ஈரத்துணியா தடுக்கப்போகுது?" என்றார் முடிதிருத்துபவர்.

"இந்த விதிக்குக் குழாய் இருக்குண்ணே. வால்வு இருக்கு. மாத்திப் பதினோரு வருஷமாச்சு."

"பாத்தும்மா, வேலைக்கு வேட்டு வெச்சிடப் போறாங்க."

அடுத்த வியாழன். பத்து மணிக்குச் சங்கு ஊதியது. எதிர்வீட்டுக் கடையில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். மாமியார் தீப்பெட்டியைத் தேடினார். அவள் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

அறுபத்தொன்று.

முடிதிருத்துபவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "எவனோ சுவிட்சுல கைய வெச்சிட்டே தூங்கிட்டான்."

எழுபது.

மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அவள் பார்த்தாள். எல்லாம் ஆலைச் சுவர்ப் பக்கமிருந்து தெருப் பக்கமாகப் படபடத்தன.

"அத்தே, அடுப்பைப் பத்தவைக்காதீங்க. துணியை நனைங்க."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் திரும்பினார். எதிரே கத்தி நுரையிலேயே நின்றுவிட்டது. முடிதிருத்துபவர் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எண்பத்து நான்கு. எழுந்தவர்கள் இரண்டு பேர்.

அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தாள்.