இடது தோளில் துண்டு

என் சித்தப்பா பதினோரு வருடம் தொழில்முறைக் கால்பந்து வீரர். அதில் பெரும்பகுதியைப் பெஞ்சில்தான் கழித்தார். மாற்று கோல்கீப்பருக்குச் சம்பளம் உண்டு. வெற்றிக்கான போனஸ் களத்தில் இறங்கியவர்களுக்கு மட்டும்தான்.

வீட்டுக் கடன் பாதிகூட அடையாத நேரத்தில், அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த வாரமே இறுதிப் போட்டி. ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டிக்குப் போனது.

எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று பழைய ஆட்டங்களைப் பார்த்து மனப்பாடம் செய்வது சித்தப்பாவின் வேலை. ஒவ்வொருவர் பந்தருகே வரும்போதும் அவர் துண்டை இடது தோளிலோ வலது தோளிலோ போட்டுக்கொண்டார். வலைமுன் நின்ற கீப்பர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்து, அந்தப் பக்கமே பாய்ந்தார். மூன்று பந்துகளைத் தடுத்துவிட்டார்.

உடைமாற்றும் அறையில் மேலாளர் கீப்பரைக் கட்டிப்பிடித்தார். "அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு வேணும், சொல்லுப்பா!"

"எனக்கு இதே சம்பளம் போதும் சார். ஆனா பெஞ்சுல இந்த அண்ணன் இருக்கணும். இல்லேன்னா நான் வேற டீம் பாத்துக்கறேன்."

"உக்காருறதுக்கு ஒரு ஆளாய்யா?"

"நீங்களும் உக்காந்துதானே சார் சம்பளம் வாங்குறீங்க?"

அறையே சிரித்தது, வேறு வழியில்லாமல் மேலாளரும் சிரித்தார். சித்தப்பாவுக்கு இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்தது. வீட்டுக் கடனை முழுதாக அடைத்த பிறகுதான் அவர் ஓய்வு பெற்றார். அந்த வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.