நற்செயலுக்குப் பத்து மார்க்

சேலையூரில் நான் வேலை பார்த்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நீதிபோதனை. எண்பதுகளின் கடைசியில் அது என் தலையில் விழுந்தது. எனக்கு வாயும் அதிகம், கோபமும் அதிகம். சும்மா கதை சொல்லிப் பொழுதைக் கழிப்பேனா? நான் வகுப்பாசிரியையாக இருந்த பத்தாம் வகுப்பில் ஆளுக்கொரு நோட்டுப் போடச் சொன்னேன். வாரம் ஒரு நற்செயல் செய்து அதில் எழுத வேண்டும். பத்துக்கு மார்க் போடுவேன்.

நோட்டுகள் பிரமாதமாக வந்தன. ஒரே வாரத்தில் பதினொரு பிள்ளைகள் பார்வையற்றவர்களை ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க வைத்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

எஸ்தர் என்ற பெண் மட்டும் வெறும் பக்கத்தை நீட்டுவாள்.

"ஏன்டி, எழுத ஒண்ணுகூடவா இல்ல?"

"இந்த வாரம் ஒண்ணும் பண்ணல டீச்சர்."

வாரா வாரம் இதே பதில். கொழுப்பு என்று நினைத்தேன். பூஜ்யம் போட்டு வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அதோடும் விடவில்லை. ஆண்டு முடிந்து டி.சி. எழுதியபோது, நடத்தை என்ற இடத்தில் மற்றவர்களுக்கு 'நன்று' என்றும் அவளுக்கு 'திருப்தி இல்லை' என்றும் எழுதினேன். ஹெச்.எம். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் எஸ்தரும் அவள் அம்மாவும் ஆபீசுக்கு வந்தார்கள். அம்மா கேம்ப் ரோடு பக்கம் வீட்டு வேலை செய்பவர்.

"இன்னா டீச்சர் இப்டி எழுதிக்கீறீங்கோ? தாம்பரத்துல பிளஸ் ஒன் சேக்கப் போனா, நடத்த சரியில்லாத பொண்ணு வேணாம்னு திருப்பிட்டாங்கோ. நாளையோட அட்மிஷன் முடியுது. எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு, சொல்லுங்கோ."

காட்டுகிறேன் பார் என்று பீரோவிலிருந்து நோட்டுகளை எடுத்து வந்தேன். எஸ்தரின் காலி நோட்டுக்குப் பக்கத்தில், முதல் மார்க் வாங்கிய சீனுவின் நோட்டைத் திறந்து வைத்தேன். அதே மேஜையில் சீனுவின் அப்பா, மகனின் டி.சி.க்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன். ஒரே கையெழுத்து.

"சார், இது நீங்க எழுதினதா?"

அவர் கூசாமல் சிரித்தார். "பின்ன? மார்க் விஷயமாச்சே டீச்சர். வாரா வாரம் புதுசா யோசிக்கிறதுக்குள்ள பேஜாராயிடும். பக்கத்து வீட்டுப் பசங்களுக்கும் நான்தான் ஐடியா குடுத்தேன்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வருஷமாகப் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் சேர்த்துப் பொய் எழுதப் பழக்கியிருக்கிறேன். உண்மை சொன்ன ஒருத்தியை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

டி.சி.யைத் திருத்தித் தர வேண்டும் என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அடிச்சு எழுதினா காரணம் எழுதணும் டீச்சர். இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க. கிளார்க் தப்பா எழுதிட்டார்னு போட்டுடுங்க. அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்."

சரி என்றுதான் பேனாவைத் திறந்தேன். எதிரே நின்ற எஸ்தர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஓடவில்லை. பழையதை அடித்து 'நன்று' என்று எழுதினேன். ஓரத்தில், 'முன்பு எழுதியது வகுப்பாசிரியையின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"வம்ப வெல குடுத்து வாங்குறீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே ஹெச்.எம். சீல் குத்தினார்.

"என்னை மன்னிச்சுடும்மா," என்றேன் எஸ்தரிடம்.

அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். "தேதி போடல டீச்சர்," என்றாள். போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவளுக்குத் தாம்பரத்தில் இடம் கிடைத்தது.

நல்ல குணத்துக்கு மார்க் போடக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஆபீசில்தான். புது வகுப்புக்கு நோட்டே வைக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமை, எஸ்தருக்கு நான் செய்த அநியாயத்தை ஒளிக்காமல் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், போன வருஷம் எங்கக்கா நோட்டுல எழுதினது பூரா நான்தான்."

பத்துக்குப் பத்து போடக் கை துறுதுறுத்தது. போடவில்லை.