ஊற விட்ட ஆறு நாள்

நேற்றுச் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை அழ ஆரம்பித்தது. அது அழுதால் எனக்கென்ன? ஆனால் என் உடம்பு தானாக இடமும் வலமும் ஆடத் தொடங்கிவிட்டது. இடது கை நெஞ்சுக்கு நேராக மடங்கிக்கொண்டது.

“ஏனுங்க, கையில ஒண்ணுமில்லாம யாரைத் தூங்க வெக்கறீங்க?” என்று உள்ளேயிருந்து சிரித்தாள் என் வீட்டுக்காரி வசந்தா.

அந்த அழுகையோடு ஒரு வாசனையும் வந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணி, வெயிலில் மொடமொடவென்று காய்ந்த பிறகும் போகாத பால்வாடை. பதினாலு வருஷம் ஆயிற்று. மூக்கு மறக்கவில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, போர் போடும் ரிக் வண்டியில் ஏறியவன் நான். திருச்செங்கோட்டில் கிளம்பினால் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு மாசக்கணக்கில் கழித்துத்தான் திரும்புவோம். படிக்காதவனுக்குக் கவலை கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். எதையும் புத்தகத்தில் எடுத்துப் பார்த்துத் தெளிந்துகொள்ள முடியாதல்லவா? பையன் பிறந்தபோது இருபது நாள் லீவு கிடைத்தது. அவன் தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். அடுத்தது வருமா என்று விரலை எடுக்காமல் நிற்பேன். அதிலேயே விழித்துக்கொள்வான்.

விழித்தால் பால். குடித்த வாயைத் துடைப்பதற்குள் மறுபடியும் பால். அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் எட்டு வரைக்கும் குடிப்பான், விடுவான், உடம்பை முறுக்குவான், அழுவான், திரும்பவும் தேடுவான். வசந்தாவுக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் “பாலு பத்தலையாட்ட இருக்குது, டப்பாப் பாலு வாங்கிக் குடுங்க” என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

“என்ற புள்ளைக்கு என்ற பாலு போதும்” என்றாள் வசந்தா. அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அப்போதுதான் நான் தொழில் புத்தியைக் காட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணறு எப்படியென்றால், மோட்டாரை அரை மணி ஓட்டினால் தூர் தெரிந்துவிடும். நிறுத்திவிட்டு ஊற விட வேண்டும். மூன்று மணி கழித்துப் போட்டால் நாலு பாத்தி பாயும்.

“நீ எந்நேரமும் எறைச்சுக்கிட்டே இருந்தா எப்படிப் புள்ள ஊறும்? மூணு மணி நேரம் உடு. நெறஞ்சு நிக்கும். ஒரே மூச்சுல குடிச்சுப் போட்டுத் தூங்கிருவான்.”

“நானென்ன கெணறா?”

“தண்ணி ஊறறதப் பத்தி எனக்குச் சொல்லித் தாரியா?”

அவள் அசந்து போயிருந்தாள். சரி என்றுவிட்டாள். நான் சுவரில் கரியால் கோடு போட்டு மூன்று மணிக்கொரு தடவை என்று காவல் காத்தேன். முதல் இரண்டு நாள் தொண்டை கட்டுகிற அளவுக்கு அழுதான். பிறகு அழுகை குறைந்து, நிறையத் தூங்கினான். “பாத்தியா?” என்று வேறு கேட்டேன். ஆறு நாள் அப்படி. அவன் அழத் தெம்பில்லாமல் கிடக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

பதினாலாம் நாள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா எடை போட்டார். பிறந்த எடையை விடக் குறைவு.

“எத்தன தடவ பாலு குடுக்கறீங்க?”

நான் முந்திக்கொண்டு, ஊற விடுகிற முறையை விளக்கினேன். அவர் பேனாவை மூடினார்.

“நீங்க என்ன வேலைங்க?”

“ரிக் வண்டிங்க.”

“அதானே பாத்தேன். கெணத்துக்கு உங்க கணக்கு செரிங்க. இங்க தலைகீழு. புள்ள உறிஞ்ச உறிஞ்சத்தான் பாலு சொரக்கும். அவனுக்கு வயிறு இத்துனூண்டு, அடிக்கடி கேக்கத்தான் செய்வான். கையை வாய்ல வெக்கறப்பவே குடுத்துருங்க, அழுகட்டும்னு இருக்காதீங்க. தூங்குனா எழுப்பிக் குடுங்க. எழுப்பியும் குடிக்கலைன்னா, ஒண்ணுக்குப் போறது கொறஞ்சா, அப்பவே தூக்கிட்டு வந்துருங்க. நாலு நாள் பாக்கலாம். எடை ஏறலைன்னா சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்போணும்.”

திரும்பி வந்ததும் வசந்தா, வீட்டு வாசலில் கட்டியிருந்த மேச்சேரி ஆட்டைக் காட்டினாள். குட்டி மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

“மூணு மணி நேரம் கழிச்சு வான்னு அது சொல்லுதுங்களா? அன்னைக்கே சொல்லோணும்னு இருந்தேன். நீங்கதான் பெரிய எஞ்சினியராச்சே.”

நான் கரிக் கோடுகளை ஈரத்துணியால் அழித்தேன். அழியாமல் சுவர் முழுக்கக் கறுப்பாக ஈஷியது.

அந்த நாலு நாள் எங்களுக்கு வேறு உலகம் கிடையாது. அவள் சுவரோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சோறு, துணி, ஆடு எல்லாம் என் பாடு. அவன் நனைத்துக் கொடியில் காயும் துணி எத்தனை என்று மட்டும் எண்ணினேன். துணி கூடக் கூட எனக்கு உயிர் வந்தது. வயிறு நிறைந்த பிறகும் சாயங்காலத்தில் அவன் முறுக்குவான். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் அவனை நிமிர்த்திச் சாய்த்து, முதுகை நீவிக்கொண்டே வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடப்பேன். எனக்குத் தாலாட்டுத் தெரியாது. தெரிந்தது ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம்தான். “ம்ம்ம்ம்” என்று அடித்தொண்டையில் இழுப்பேன். நெஞ்சு அதிரும். இறுக்கி வைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரியும்.

நடுவில் முதலாளி போன் செய்தார். “வெள்ளிக்கெழம வண்டி கெளம்புது. வாரியா?”

“எடை ஏறுனா வாரேனுங்க.”

“எத்தன டன்னுடா?” என்றார் அவர்.

நாலாம் நாள் எடை முள் ஆடி நின்றது. இருநூறு கிராம் கூடுதல். நர்சம்மா சிரித்தார். வசந்தா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். “கெணறு நெறஞ்சிருச்சுங்களா?”

வெள்ளிக்கிழமை ரிக் ஏறினேன். ஐந்து மாதம் கழித்து நான் திரும்பி வந்தபோது அந்தச் சாயங்கால அழுகை வீட்டில் இல்லை. கொடியில் துணி குறைந்திருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பிறகு எங்கள் கிணற்றையும் மூடிவிட்டோம். பக்கத்தில் போட்ட போர்தான் இப்போது ஓடுகிறது.

பையனுக்கு இப்போது என்னைவிட உயரம். ஒன்பதாவது படிக்கிறான், நான் போகாத வகுப்பு. காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருப்பான். அவன் எதுவும் கேட்பதில்லை. நேற்றும் நான்தான் போய் நின்றேன்.

“டீ போடட்டுமா சாமி?”

“இப்ப வேண்டாம்ப்பா. அப்பறம்.” தலை நிமிரவில்லை.

மூன்று மணி நேரமெல்லாம் நான் விட்டுவைப்பதாக இல்லை. அரை மணி கழித்து மறுபடி போய்க் கேட்டேன்.