நாற்பத்தொன்றாம் பக்கத்து ஊர்

நோட்ஸ் அக்கா ஒரு நாளும் வகுப்பறையில் சாக்பீஸ் பிடித்தவளல்ல. ஆனாலும், உயர்நிலைப் பள்ளியின் பின்வாசலுக்கு எதிரே இருந்த அவளுடைய ஜெராக்ஸ் கடைக்கு வராமல் அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. புவியியல், அறிவியல், வரலாறு, பண்பாடு என்று நான்கு தடித்த பாடப்புத்தகங்களை எடுத்துத் தோலுரித்து, கொட்டை நீக்கி, நூற்றிருபது பக்கத்தில் அடக்கிவிடுவாள். எரிமலை எத்தனை வகை, இலைக்கு ஏன் பச்சை நிறம், எந்தப் போர் எதனால் மூண்டது, பனிப்பிரதேசத்து மக்கள் எதை உடுத்துகிறார்கள் என்று எது கேட்டாலும் அவளிடம் ஏழு வரியில் விடை உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு வரி எழுதினால் போதும் என்பது அவளுடைய கணக்கு. ஆறு எழுதினால் கஞ்சத்தனம், எட்டு எழுதினால் அதிகப்பிரசங்கித்தனம் என்பாள்.

அவள் கணவருக்கு ஊர் வைத்த பெயர் பைண்டர். அவள் தட்டச்சு செய்து நகலெடுத்துப் போட, அவர் பின்மேசையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைத்து அட்டை போடுவார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். உலகத்தில் ஒரு நாட்டையும் பார்க்காமல் எல்லா நாட்டு மழையளவையும் சொல்லும் பெண்டாட்டி எனக்கு மட்டும்தான் வாய்த்தாள் என்பார். அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும். இருவருக்கும் ஒரே மகள்.

எல்லாம் எதிர்க்கடைக்காரன் வந்து சேர்ந்ததிலிருந்து தொடங்கியது. அவள் கண்விழித்து எழுதிய நோட்ஸை அவன் அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்து, மேலே பளபளவென்று ஓர் அட்டையைப் போட்டு விற்றான். போய்க் கேட்டால், எரிமலை உங்க வீட்டுச் சொத்தா என்று எகிறினான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே என்று அவள் ஒரு வேலை செய்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், மக்கள் தொகைப் பாடத்தின் கடைசியில், உலகத்திலேயே இல்லாத ஓர் ஊரைச் செருகினாள்.

வாயில் வந்த ஒரு பெயரை வைத்தாள். பரப்பளவு, ஒன்பது சதுர கிலோமீட்டர். மழை, மிதமானது. பயிர், சோளம். மக்கள் தொகை, 412. சிறப்பு என்று ஏதாவது எழுத வேண்டுமே. சமையலறையில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே யோசித்தவள், பிறப்பும் இறப்பும் எப்போதும் சமமாதலால் இத்தொகை மாறுவதே இல்லை என்று எழுதிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அவ்வளவுதான் அந்த ஊர் பிறந்த கதை.

தன் பிள்ளைகள் இதைப் பரீட்சையில் எழுதிவைத்துவிடக் கூடாதே என்பதற்கும் வழி வைத்திருந்தாள். தேர்வுக்கு முந்தின வாரம், தன் கடையில் நோட்ஸ் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பாள். 41ஆம் பக்கம், கடைசி ஐந்து வரிகளை அடித்துவிடவும் என்று அதில் இருக்கும். எதிர்க்கடையில் வாங்கிய பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று யோசித்தாளா என்றால், யோசிக்கவில்லை. மனசு கெட்டவளல்ல. வயிற்றெரிச்சல், வேறென்ன?

முதல் வருடம் எதிர்க்கடைக்காரன் வசமாக மாட்டிக்கொண்டு அசடு வழிந்தான். இரண்டாம் வருடம், துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டிய வாரத்தில், அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். பைண்டர் கடையைப் பூட்டிவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். சீட்டு போகவில்லை. அந்த வருடம் பத்தாம் வகுப்பில் இருந்த அவர்களுடைய மகள் உட்பட ஒரு பள்ளிக்கூடமே அந்த ஊரை உருப்போட்டுத் தேர்வு எழுதியது. அடுத்த வருட வினாத்தாளில் அந்த ஊர் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தது.

யாரோ ஓர் ஆசிரியர் தன் நோட்ஸைப் பார்த்தே கேள்வி தயாரித்திருக்கிறார் என்று அவள் சிரித்துத் தள்ளினாள். கேள்வியாக வந்த ஒன்றை அடித்துவிடச் சொல்ல முடியுமா? அந்த ஐந்து வரிகளும் நோட்ஸில் தங்கிவிட்டன. அதற்கடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிய சுவர் வரைபடம் வந்தது. நகலெடுக்க அதை அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். மேசையில் விரித்தபோது, வடமேற்கு மூலையில், இரண்டு மலைகளுக்கு நடுவே, பொட்டு மாதிரி ஒரு புள்ளியும் பக்கத்தில் அந்தப் பெயரும் இருந்தன. அவள் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். பைண்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அச்சுக்காரனும் உன் நோட்ஸ் படிச்சுத்தான் பாஸ் பண்ணியிருப்பான் என்றார். அன்று அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

ஒன்பது வருடம் ஓடியது. மகள் நர்ஸ் படிப்பு முடித்தாள். கல்யாணமும் ஆயிற்று, மாப்பிள்ளை சுகாதார நிலையத்து ஜீப் ஓட்டுகிறவர். ஒருநாள் இருவரும் ஒன்றாக வந்து நின்று, இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். உத்தரவுத்தாளில் இருந்தது நாற்பத்தொன்றாம் பக்கத்து ஊரின் பெயர்.

"பரீட்சைக்குப் படிச்ச ஊரும்மா. எனக்கு அங்க வழியே கேக்க வேண்டாம்" என்றாள் மகள், சிரித்துக்கொண்டு.

போகாதே என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று கேட்டார்கள். என் கையால் எழுதிய பொய் அது என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? இருக்கிற ஊரை இல்லை என்றால் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மகள் வாரம் தவறாமல் போன் செய்தாள். நல்ல ஊர், நல்ல சனம், சோளக்கொல்லை கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கிறது என்றாள். ஒரே ஒரு வினோதப் பழக்கம்: தினமும் காலையில் எல்லாரும் வாசலில் வந்து நின்று வரிசையாகத் தங்களை எண்ணிக்கொள்கிறார்கள். இவர்கள் இருவர் பெயரையும் ஊர்ப் பதிவேட்டில் ஏற்றிய அன்று, பாவம், இரண்டு கிழவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்களாம். பிறகு அவள் பார்த்த முதல் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. விடிவதற்குள் ஊரில் ஒரு சாவு. இரண்டாவது பிரசவத்துக்கும் அப்படியே. மூன்றாவதில், எந்த நோயும் இல்லாத பள்ளிக்கூட வாத்தியார், நடுத்தர வயது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார்.

"என் கை ராசி இல்லாத கைன்னு யாராவது பேசுவாங்களோன்னு பயந்தேம்மா. யாரும் ஒண்ணும் சொல்லல. அது அப்படித்தான்னு சொல்றாங்க" என்றாள்.

அக்கா போனை வைத்துவிட்டு, பிறப்பும் இறப்பும் சமம் என்று தான் எழுதிய வரியை எடுத்து இன்னொரு முறை படித்தாள். அதற்கு இரண்டு மாதம் கழித்து மகள் தான் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய அக்காவின் மனசு, உள்ளே எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று வந்தால் ஒன்று போகும். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் யார் என்று அவள் எழுதவில்லையே. பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு என்று கெஞ்சினாள். ஊரில் வேறு நர்ஸ் கிடையாது, மாசமாக இருக்கிற இன்னும் இரண்டு பெண்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று மகள் மறுத்துவிட்டாள். பிடிவாதத்தில் அம்மாவைக் கொண்டவள். சரி, நாமாவது போவோம் என்றால், மாதக்கணக்கில் தங்குகிறவர் பெயரையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்களாம். தன் பெயரை ஏற்றினால் யார் பெயர் இறங்குமோ என்று அவள் காலடி எடுத்து வைக்கவில்லை.

பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையில்தான் பைண்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். பழைய மாதிரியே சீட்டு அடித்துக் கொடுத்துவிடு, ஐந்து வரியையும் பிள்ளைகள் அடித்துவிடட்டும், தொல்லை விட்டது என்றார். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அச்சிடப் பொத்தானில் விரலை வைத்த பிறகுதான் உறைத்தது.

"ஊரை அடிச்சுட்டா, ஊருக்குள்ள இருக்கிறவ எங்கங்க போவா?" என்றாள்.

 பைண்டர் எழுந்து வந்து இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கினார். 

பிறகு வேறு சீட்டு அடித்தாள். 41ஆம் பக்கம், மக்கள் தொகை 412 என்பதை 414 எனத் திருத்திப் படிக்கவும். ஒரு பிள்ளைதானே, நானூற்றுப் பதின்மூன்று போதாதா என்று பைண்டர் கேட்டார். இரட்டையாக இருந்தால் என்ன செய்வது, அந்த ஊரில் ஸ்கேன் இருக்கிறதா என்ன என்றாள் அவள். ஒன்று கூடுதலாக இருந்தால் கெட்டா போகும்? விருந்தாளி வருகிற வீட்டில் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுகிற மனசு அது.

சீட்டை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்களா? புவியியல் ஆசிரியரிடம் போய் நின்றாள். அந்த மனிதர் பாடமே அவளுடைய நோட்ஸைப் பார்த்து நடத்துகிறவர், அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் எல்லாப் பிரிவுக்கும் அந்த ஊரைப் பற்றிச் சிறு தேர்வு வைத்தார். விடைத்தாள்களை அவளே வாங்கிவந்து கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 414. 414. 414. நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது தாளில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. காலையில் ஊரார் வாசலில் நின்று தங்களை எண்ணிக்கொள்வர் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அக்கா அதை எழுதியதில்லை, பைண்டரைத் தவிர எவரிடமும் சொன்னதுமில்லை. அடுத்த தாளிலும் அதே வரி. வேறு பிரிவில், வேறு கையெழுத்தில், எழுத்துப் பிசகாமல் அதே வரி. மீதித் தாள்களைப் பார்க்காமல் நூல் போட்டுக் கட்டிவைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கடை நிறையப் பிள்ளைகள் இருந்தபோது, மகள் போன் செய்தாள். பெண்குழந்தை பிறந்திருந்தது. இரண்டே முக்கால் கிலோ. சுகப்பிரசவம்.

"ஊர்ல யாருக்காவது ஏதாவது..." என்று அக்கா இழுத்தாள்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்றாள் மகள். ஊரே ஆச்சரியப்படுகிறதாம். வந்து வந்து குழந்தையைப் பார்க்கிறார்களாம்.  அக்கா காகிதக்கட்டின் மேல் உட்கார்ந்து, தன் தாய் பெயரை, செத்துப்போன தமக்கை பெயரையெல்லாம் சொல்லி வாய்விட்டு அழுதாள். பிள்ளைகள் என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள். அந்த நிமிஷம் உலகத்தில் அவளைவிடச் சந்தோஷமானவள் இல்லை.

"அம்மா, வர முடியாதுன்னு சொல்லிட்டு இவங்களை அனுப்பியிருக்கியே. யாரும்மா இவங்க, நம்ம சொந்தமா?" என்றாள் மகள்.

யாரை என்று கேட்டாள் அக்கா.

"இன்னைக்குக் காலைல எண்ணும்போது வரிசைல கடைசியா நின்னாங்களாம். எப்ப வந்தாங்கன்னு யாருக்கும் தெரியல. உன் சாயல்தான், பேச்சுகூட உன் பேச்சு. பிள்ளையக் குளிப்பாட்டணும் குடுன்னு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. குடுக்கலாமா?"

நானூற்றுப் பதின்மூன்று மகளின் பிள்ளை. நானூற்றுப் பதினான்கு, தான் ஒரு பிடி கூடுதலாகப் போட்டது. அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாளைக்கே இன்னொரு சீட்டு அடித்து ஒன்றைக் குறைக்கலாம். ஆனால் எண்ணுக்கு முகம் தெரியாது. வந்தவளைத்தான் எடுக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கடைசியாக வந்தது குழந்தையும்தானே.

"குடு" என்றாள். "கைய கழுவிட்டாங்களான்னு மட்டும் பாத்துக்கோ. மரியாதையாப் பேசு. பசின்னு சொன்னா சோறு போடு."

போனில் துணி சரசரப்பது கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் குழந்தையைக் கொஞ்சியது. என் தங்கக்கட்டி, என் சுண்டெலி, எங்கடி இருந்தே இத்தனை நாளா என்றது. தன் மகள் பிறந்தபோது தான் கொஞ்சிய கொஞ்சல் அது, ராகம்கூட மாறவில்லை. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது.

"பிள்ளை உடனே ஒட்டிக்கிச்சும்மா" என்றாள் மகள். "பேச்சு வந்ததும் இவங்களை என்னன்னு கூப்பிடச் சொல்றது?"

மகள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அதைச் சொல்லித் தன்னைக் கூப்பிட ஒரு வாய் வருமென்று ஆசை ஆசையாக இருந்தாள். இனி அந்த ஊருக்கு அவள் போக முடியாது. அங்கே அவளுக்குரிய இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி நிற்கிறாள்.

"பாட்டின்னு கூப்பிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பைண்டர் ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்து, என்ன குழந்தை என்று கேட்டார். பெண்குழந்தை என்றாள்.