ஜெயித்த ஆட்டத்தில் விட்ட ஆறு ரன்

ஹால்வர்டன் அணி கடைசி ஆட்டத்தை ஜெயித்த ஞாயிறு மதியம், ஆர்வில் ட்வெட் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். அமெரிக்காவின் மினசோட்டாவில் பால் லாரி ஓட்டுபவர். பதினெட்டு வருடமாக ஊர் பேஸ்பால் அணியின் மேலாளர். அணி ஒருமுறைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. இப்போது அவர்களும் புரூன்சன் அணியும் ஆளுக்குப் பதினைந்து வெற்றி. மாநிலப் போட்டிக்குப் போக இருப்பதோ ஒரே இடம். சமமானால் வியாழக்கிழமை இன்னொரு ஆட்டம் வைப்பார்கள் என்று நம்பி வேலைக்கு லீவும் சொல்லிவிட்டார்.

ஸ்கோர் எழுதும் அவர் மனைவி மார்லிஸ், போட்டி நடத்துபவர்களுடன் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"ஆர்வில், உக்காரு. ஆட்டம் கிடையாதாம். இந்த வருஷம் விதிய மாத்தி, சீசன் தொடங்கும்போதே உனக்குத் தபால்ல அனுப்பிட்டாங்களாம்."

"அப்புறம் எப்படி?"

"நேருக்கு நேரா மோதுனதுல ஆளுக்கு ஒண்ணு. அதனால சீசன் முழுக்க யாரு எதிரணிக்குக் கம்மியா ரன் விட்டாங்கன்னு பாத்திருக்காங்க. அவங்க நூத்திப் பதினேழு. நாம நூத்திப் பதினெட்டு."

"ஒரு ரன்னா?"

வெற்றியைக் கொண்டாட மைதானத்து ஓரம் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். முதலில் வாய் திறந்தவர் அணியின் பழைய பந்துவீச்சாளர் கிளேட்டன் ரூட்.

"ஜூன்ல நான் விட்ட ஆறு."

குளிர்காலத்தில் அறுவடை இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது கிளேட்டனுக்குப் பந்து வீசும் கையில் இரண்டு விரல்கள் போயின. ஜூன் மாதம் ஓர் ஆட்டத்தில் பதினாலுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தபோது, கடைசி இன்னிங்ஸ் பந்து வீச ஆர்வில் அவரை அனுப்பினார். ஆறு ரன் போனது; ஆனாலும் ஜெயித்தார்கள். அன்று ஊரே எழுந்து நின்று கை தட்டியது.

இன்று யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிளேட்டன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆர்விலுக்கு மூன்று நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. ஜெயித்த ஆட்டம் எப்படி அணியை வெளியே தள்ளும் என்று மார்லிஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். லீவு போட்டிருந்த வியாழக்கிழமை கிளேட்டனின் பண்ணைக்குப் போனார்.

"இந்த விதி தெரிஞ்சிருந்தா அன்னிக்கு என்னை இறக்கியிருப்பியா? பொய் சொல்லாத."

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார்.

"மாட்டேன்டா."

கிளேட்டன் வெடித்துச் சிரித்தார். "அப்பாடா! நல்ல வேளை, உனக்கு வந்த தபாலப் படிக்கிற பழக்கம் இல்ல. உள்ள வா, காப்பி ஆறுது."