ஒன்பது டப்பா மிச்சம்

கெட்டில் ஊளையிட ஆரம்பித்ததும் லைல் ஹாஸ்டெட்டர் அடுப்பை அணைக்கிறார். துப்பாக்கி குளியல் தொட்டிக்குள் மூக்கு கீழாக நிற்கிறது. அதன் பின்வாயில் சமையலறைப் புனலைச் செருகி, அவசரமில்லாமல் கொதிநீரை ஊற்றுகிறார். சாம்பல் நிறத்தில் தண்ணீர் கீழே இறங்குகிறது. இரண்டாவது கெட்டிலுக்குத் தண்ணீர் வெளுக்கும், மூன்றாவதற்குத் தெளியும். பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டால் குழலுக்குள் ஒருவித உப்பு படியும். அன்றைக்கே கழுவாவிட்டால் மறுநாள் காலை உள்ளே துரு பூத்திருக்கும். இந்த வீட்டில் சனிக்கிழமை முதல் குளியல் துப்பாக்கிக்கு. வெந்நீர் மிஞ்சினால் மார்வாவின் தேநீருக்கு. முப்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் மூன்று புனல்கள் வாங்கிவிட்டாள். மூன்றிலும் வெடிமருந்து வாசனை.

லைலுக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடங்களின் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்ற உடம்பு, எப்போதும் இரண்டு சட்டை. சுடப் போகும்போது இரண்டு பாதுகாப்புக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்வார். கண்கள் இரண்டு இருந்த காலத்தில் ஒரு கண்ணாடி. கண் ஒன்றான பிறகு கண்ணாடி இரண்டு. கணக்கு மொத்தத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தத் தோட்டாக்கள் அவரைவிட நாலு வயது மூத்தவை. 1953 என்று ஒவ்வொன்றின் அடியிலும் பொறித்திருக்கும். லைல் இளவயதில் சிப்பாயாக ஜெர்மனியில் இரண்டு வருஷம், முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்திலிருந்து வரப்போகும் குண்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பிறகு அந்தப் பக்கத்துச் சேனை கலைந்தது, நாடு கலைந்தது, சண்டையே கலைந்துபோயிற்று. அந்தச் சேனைக்கென்று செய்த தோட்டாக்கள் மட்டும் மூடிய தகர டப்பாக்களில் மூச்சடக்கி இருந்து, கப்பலேறி, மேற்கு வர்ஜீனியாவின் ஒரு துப்பாக்கிச் சந்தைக்கு வந்து சேர்ந்தன. டப்பாவுக்கு நானூற்று நாற்பது தோட்டா; விலையோ கொள்ளை மலிவு. லைல் பதினேழு டப்பா வாங்கி, தன் முதுகிலேயே சுமந்து, நிலவறைக்கு இறக்கினார். எதிரிக்கு இந்த அளவு ஒத்துழைத்த சிப்பாயை எந்தச் சேனையும் கண்டிருக்காது.

வயதான தோட்டாக்களுக்குச் சுபாவம் உண்டு. பெரும்பாலானவை விசையைத் தட்டியதும் வெடிக்கும். சில, ஒரு கணம் யோசித்துவிட்டு வெடிக்கும். சில வெடிக்கவே வெடிக்காது. எது யோசிக்கிறது, எது செத்துவிட்டது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதால், தட்டியும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியை மண்மேட்டை நோக்கிப் பிடித்தபடி முப்பது எண்ண வேண்டும். அதன் பிறகுதான் பின்தாழைத் திறக்கலாம். டாபின் பள்ளத்தாக்குத் துப்பாக்கிக் கழகத்தில் லைலைப்போல் முறையாக எண்ணுகிறவர் இல்லை. மற்றவர்கள் பத்துக்கு மேல் வேகமாக ஓட்டிவிடுவார்கள். லைல் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று ஒவ்வொன்றாக உதட்டை அசைத்து எண்ணுவார்.

இன்னொரு வகையும் உண்டு. அதற்கு எண்ண நேரம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் காலையில் மூடுபனியில் கண்ணாடி மங்கியதென்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுட்டார். தோட்டாக்கூடு பின்பக்கம் கிழிந்து, வெடித்த காற்று தாழ் வழியே முகத்துக்கு வந்தது. வலது கண் இப்போதும் இருக்கிறது. பார்வை மட்டும் இல்லை. கண் மருத்துவர் சின்ன வயதுக்காரர், இடது கண்ணைச் சோதித்து முடித்து நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மிச்சமிருக்கிற கண்ணு ஸ்டெப்னி இல்ல, மிஸ்டர் ஹாஸ்டெட்டர். இனிமே இதுதான் வண்டியே."

லைல் அவருக்கு நன்றி சொல்லி, கை குலுக்கிவிட்டு வந்து, இடது தோளில் வைத்துச் சுடப் பழகினார்.

முட்டாள் என்று நினைத்தால் அது தவறு. லைலுக்குக் கொள்கை இருக்கிறது, அதுதான் வினை. பார்க்கர்ஸ்பர்கிலிருந்து ஒருவர், மிச்ச டப்பாக்களை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று தொலைபேசியில் கேட்டார். லைல் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாருக்கா?"

நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அவர்.

"அப்ப வேணாங்க."

கெட்ட சரக்கைத் தெரிந்தே இன்னொருவன் தலையில் கட்டுவதில்லை. சரி, ஷெரீஃப் அலுவலகத்தில் ஒப்படைத்தால் குழி வெட்டிக் கொளுத்திவிடுகிறார்களே? அங்கேயும் போய்க் கேட்டார். நாற்பதுக்கு ஒன்றுதான் கெட்டது, மிச்சம் முப்பத்தொன்பதும் எழுபது வருஷம் ஒழுங்காக இருந்த தோட்டாக்கள், அவற்றையும் சேர்த்தா கொளுத்துவீர்கள் என்று மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம் வாதாடினார். தோட்டாவுக்காகக் கருணை மனு வாங்கியது தன் உத்தியோகத்தில் இதுவே முதல் தடவை என்று அந்த அதிகாரி பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார். விற்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்றால் சுட்டுத் தீர்ப்பது ஒன்றே வழி. அதற்குத் தகுதியானவர், ஏற்கெனவே ஒரு கண்ணைக் கொடுத்தவர். வாரம் நூறு வீதம் சுட்டால் நாற்பது வாரம். ஒன்பது டப்பா மிச்சம்.

மார்வா பள்ளி உணவுக்கூடத்தில் இருபது வருஷம் குழந்தைகளை அதட்டியவள். வீட்டில் குரலை உயர்த்துவதில்லை. போன கோடையில் ஒருநாள் பீன்ஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அந்தக் கண்ணும் போச்சுன்னா நான் உனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டமாட்டேன் லைல். தட்டுல எது எந்தப் பக்கம் இருக்குன்னும் சொல்லமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பீன்ஸுன்னா வாசனையிலயே தெரிஞ்சிருமே."

"என் மூஞ்சிய எந்த வாசனையில கண்டுபிடிப்ப கிழவா?"

லைல் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் போட்டார். அது ஊறிக் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை காலை சுடுதிடலில் இரண்டே பேர். லைல் ஒரு மேசையில். அவருக்கு வலப்பக்கத்து மேசையில் வெண்டல் புரோகாப். வெண்டல் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு கன்னத்தில் ஒரு பக்கம் எப்போதும் புகையிலை. எந்த டப்பாவைக் கண்டாலும் அதில் துப்பிவிடுவார். வெடிக்காத தோட்டாக்களைப் போட்டுவைக்க லைல் ஒரு காப்பி டப்பா வைத்திருக்கிறார்; அதிலும் துப்புவார். இருபது வருஷ நட்பில் இது ஒன்றுதான் தகராறு.

குளிருக்கு லைல் கையுறை போட்டிருந்தார். தலையில் காதுமூடி. ஐம்பத்து மூன்றாவது தோட்டாவுக்கு விசையைத் தட்டினார். 'டிக்' என்றது. அசையாமல் பிடித்துக்கொண்டு எண்ணினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. தாழைத் திறந்து தோட்டாவை விரலால் எடுத்து, வலப்பக்கமிருந்த காப்பி டப்பாவுக்குள் போட்டார். ஐம்பத்து நான்காவதை உள்ளே தள்ளித் தாழை மூடினார். விசையில் விரல் போயிற்று.

அந்த நேரத்தில் வெண்டலுக்கு வாய் நிறைந்திருந்தது. துப்புவதற்காகக் காப்பி டப்பாவின் மேல் குனிந்தார். மேலாகக் கிடந்த தோட்டாவுக்குத் தலை இல்லை. வெறும் கூடு, குண்டைக் காணோம்.

தோட்டா சாகவில்லை, பாதி செத்திருந்தது. அதன் மருந்து கெட்டுப்போய், குண்டைக் குழலுக்குள் ஒரு சாண் தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிட்டது. முன்னால் குண்டு அடைத்திருக்கும் குழலில் பின்னாலிருந்து இன்னொன்றைச் சுட்டால், துப்பாக்கி எந்தப் பக்கம் வெடிப்பது என்று அதுவே முடிவு செய்யும்.

அந்தக் கழகத்தில் யார் 'நிறுத்து' என்றாலும், காரணம் கேட்காமல் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஆனால் சொல்வதற்கு வாய் காலியாக இருக்க வேண்டுமே. வெண்டல் ஒரு வாய்ப் புகையிலைச் சாற்றை அப்படியே விழுங்கினார்.

"நிறுத்து!"

லைலின் இரண்டு கைகளும் மேலே போயின. முறை தவறாதவர்.

தோட்டாவை வெளியே எடுத்தார்கள். தாழைக் கழற்றிக் குழல் வழியே வெண்டல் பார்த்தார். மறுமுனையில் வெளிச்சம் இல்லை. லைலும் தன் இடது கண்ணை வைத்துப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெண்டல்தான் துப்பாக்கியை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு மரச்சுத்தியால் தட்டினார்கள். ஏழெட்டுத் தட்டில் குண்டு, ஆடிக்கொண்டிருந்த பல் மாதிரி, வெண்டலின் உள்ளங்கையில் விழுந்தது.

"அடுத்தவன் கண்ணுக்காகப் புகையிலைய முழுங்கினவன் இந்த மாநிலத்துலயே நான் ஒருத்தன்தான்டா," என்றார் வெண்டல். 

"நான் முப்பது எண்ணினேன் வெண்டல்."

"எண்ணினே. யாரு இல்லன்னா?"

"விதியில என்ன இருக்கோ அதத்தான் செஞ்சேன்."

"டப்பாவ வலப்பக்கம் வச்சிருக்க. அந்தப் பக்கம் உனக்கு ஏதுடா கண்ணு?"

லைல் இதை யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. காப்பி டப்பாவை எடுத்து இடப்பக்கம் வைத்தார். வெண்டல் இருந்தவரை நடந்த சீர்திருத்தம் அது ஒன்றுதான்.

வெண்டல் மிச்ச டப்பாக்களைத் தன் வண்டியில் ஏற்றும்படி கேட்டார்; தானே ஷெரீஃப் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகவும், கொளுத்தும்போது லைல் பக்கத்தில் நிற்கவே வேண்டாம் என்றும் சொன்னார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம்.

"நாப்பது வாரந்தான்," என்றார் லைல்.

"நாப்பது வாரத்துல உன் கண்ணு இருக்குமா?"

"தெரியல."

அதை அவர் வீம்பாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

வெண்டல் தன் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தார். இருவரும் பகிர்ந்து சாப்பிடக் கொண்டுவந்திருந்த, உள்ளே பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டிகள் இரண்டையும் லைலின் மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமலேயே கிளம்பினார். "இத உக்காந்து பாக்க என்னால ஆகாது," என்றார். அவர் வண்டி சரளைக் கல்லில் திரும்பி மலைச்சாலையில் ஏறும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

லைல் குழலைத் துடைத்தார். கண்ணாடி இரண்டையும் சரிசெய்தார். பிறகு மிச்சமிருந்த நாற்பத்தேழையும் தனியாகச் சுட்டு முடித்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குழலின் மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று இடது கண்ணை வைத்துப் பார்த்தார். எல்லாமே வெடித்தன. இரண்டு மட்டும் யோசித்துவிட்டு வெடித்தன.

வீட்டுக்கு வந்து மார்வாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் தேவாலயத்துக் கேக் விற்பனைக்குப் போயிருந்தாள் என்பதால் சொல்லாமலிருப்பது சுலபமாகவும் இருந்தது. துப்பாக்கி குளித்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அலமாரிக்குள் போயிற்று. சாயங்கால வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே லைல் குளியலறை வாசலில் நின்று இடது கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார். மற்றக் கையைச் சுவரில் வைத்து நடக்க ஆரம்பித்தார். துணி அலமாரிக் கதவு. படுக்கையறைக் கதவு. ஒரு படம், அது கோணலாக இருக்கிறது என்பது விரலில் தெரிந்தது. சமையலறை இன்னும் எட்டடியோ பத்தடியோ இருக்க வேண்டும்.

வாசற்கதவு திறந்தது. மார்வாவின் செருப்புச் சத்தம் கூடத்தில் நாலு எட்டு வந்து, நின்றுவிட்டது. அவள் ஏதாவது சொல்வாள் என்று லைல் காத்திருந்தார். கையை எடுக்கவில்லை.  காகிதப் பைகளைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவருக்கு மூன்றடி முன்னால், நடைவழியின் குறுக்கே கிடந்த அழுக்குத்துணிக் கூடை, மெதுவாகச் சுவரோரம் இழுபட்டது.